நமக்குச் சொல்லாத விளம்பரங்கள்

1690-ஆம் ஆண்டு கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை விலைக்கு வந்தது. விற்றவர் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராம். வாங்கியவர் சென்னைப்பட்டணத்து ஆங்கிலேயக் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்ற பேச்சு வந்தபோது, பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை என்று முடிவானது. தூரமாகச் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்துப் பட்டணத்திலிருந்து வரவழைத்தார்கள். சுற்றிலும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேராகிவிட்டது. கைமாறிய சேதி அந்த ஊர்க்காரர்களுக்கு வெடிச்சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது.

கோட்டைக்குக் குடிவந்தவர்கள் வேறு வகையான அறிவிப்புகளைப் பழக்கப்படுத்தினார்கள். சோறும் துணியும் அவர்களுக்கு இங்கேயே கிடைத்தன, துணிக்காகத்தான் வந்ததே. கிடைக்காதவை மீதுதான் ஏக்கம்: ஒயின், உப்பிட்ட பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, தொப்பி, காலுறை, பொய்மயிர். இவையெல்லாம் கப்பலில் வர வேண்டும். கப்பல் வராத மாதங்களில் அவர்களுக்கு ஒரே கடை, செத்தவர் வீடு. கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைகளைப் பட்டியல் போட்டு, ஏலம் கூறி விற்று, பணத்தை ஊரில் இருக்கும் வாரிசுக்கு அனுப்புவது வழக்கம். சட்டை, கோப்பை, நாற்காலி, புத்தகம், பாதி குடித்து மிச்சம் வைத்த சாராயம் எல்லாம் ஏலத்துக்கு வரும். நேற்று வரை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனின் தட்டை இன்று விலை கேட்கிறோமே என்ற கூச்சத்துக்கு அந்தச் சீதோஷ்ணத்தில் இடமில்லை. பேதியும் காய்ச்சலும் சரக்கை ஓயாமல் வரவழைத்துக்கொண்டிருந்தன.

கடலூரிலிருந்து சில மைல் வடக்கே, புதுச்சேரியில், ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி, சொந்தத்தில் கப்பல் வைத்திருந்த வியாபாரி. அவர் குறிப்புகளில் கப்பல் வந்து நங்கூரம் போடுவதும் பீரங்கி மரியாதையும் சரக்கு இறங்குவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. என்ன வந்தது, யாருக்கு வந்தது, என்ன விலைக்குப் போகும் என்பதெல்லாம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பொது அறிவிப்புக்குத் தமுக்கு. தமுக்குச் சத்தம் எல்லாருக்கும் கேட்கும். யாருக்குக் கேட்க வேண்டும், யாருக்குக் கேட்க வேண்டாம் என்று அதனால் பிரிக்க முடியாது. அந்தப் பிரிவினையை அச்சு செய்தது.

1780 ஜனவரியில் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய பத்திரிகைதான் இந்தியாவின் முதல் செய்தித்தாள் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அதன் முழுப்பேரைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. 'பெங்கால் கெஜட்' என்று தொடங்கி 'அல்லது கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்' என்று முடியும் பேர் அது. விளம்பரம் முகப்பிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கவர்னர் ஜெனரலை வம்புக்கிழுத்த ஹிக்கி சிறைக்குப் போனார். 1782-இல் அவருடைய அச்செழுத்துகளையும் பறித்துக்கொண்டார்கள். சென்னையில் 1785 அக்டோபரில் 'மெட்ராஸ் கூரியர்' வந்தது. நடத்தியவர் அரசாங்க அச்சுக்காரர் ரிச்சர்ட் ஜான்ஸ்டன் என்பதால் வம்புக்கு வழியில்லை. பத்து வருஷம் கழித்து சென்னைப் பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் வந்தது. செய்திக்குத்தான் இந்தக் கெடுபிடி. ஒயின் வந்திருக்கிறது என்று எத்தனை வாரம் வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்தக் கால விளம்பரத்துக்கென்று ஓர் அமைப்பு உண்டு. முதலில் கப்பலின் பேர். அடுத்துக் கப்பல் தலைவனின் பேர். அதன் பிறகு சரக்குப் பட்டியல், நெருக்கமாக, மூச்சு விடாமல்: மதீரா ஒயின், கிளாரெட், பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, ஊறுகாய், தொப்பி, பூட்ஸ், துப்பாக்கி, பியானோ. கடைசியில் எங்கே, எப்போது, ரொக்கமா கடனா என்ற விவரம். சரக்கு நல்லது, மலிவு என்ற பேச்சுக்கு அதில் அவ்வளவாக இடமில்லை. வந்துவிட்டது என்று சொன்னாலே ஓடிவர ஆட்கள் இருந்தார்கள்.

விற்பவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள்கூட இல்லை. கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொந்தக் கணக்கில் இவ்வளவு சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. ஊரிலிருந்து புறப்படும்போது கடன் வாங்கிச் சரக்குப் பிடிப்பார்கள். இங்கே வந்ததும் மொத்தமாக ஒருவரிடம் தள்ளிவிடுவார்கள், அல்லது தாங்களே இருந்து விற்பார்கள். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று திரும்பிவிட்டால் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்க முடியாது. அதற்குள் விற்றுமுதலாக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். விளம்பரத்தில் தெரியும் அவசரம் காற்றின் அவசரம்.

இதிலே வராத பேர்களைத்தான் நான் யோசிக்கிறேன். துறைமுகம் என்று ஒன்று சென்னையில் அமைந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அதுவரை கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகளில் நம் கரையோரத்து ஆட்கள் போய், மூன்று அலை வரிசையைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்ப்பார்கள். பியானோவைக்கூட அப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள். பேரம் பேசி முடிப்பவர் துபாஷி. வீடு வீடாக மூட்டையைச் சுமந்து போய்த் துரைசானிகளுக்குத் திண்ணையில் விரித்துக் காட்டுபவர் இன்னொருவர். பட்டியலில் தொப்பி இருக்கிறது, தொப்பியைச் சுமந்தவர் இல்லை. விளம்பரம் இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு இடையே நடக்கும் பேச்சுபோல அச்சாகியிருக்கிறது. நடுவே நின்று அந்தப் பேச்சை நடத்திவைத்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வருவது அந்தக் கேட்டுக்கொண்டிருந்தவரைப் பற்றித்தான். அந்த விளம்பரங்கள் சில ஆயிரம் பேருக்காக எழுதப்பட்டவை. அவர்கள் ஓய்வு பெற்றுக் கப்பலேறிப் போனார்கள், அல்லது இங்கேயே கல்லறைக்குப் போனார்கள். விளம்பரம் போகவில்லை. அதை ஒட்டுக்கேட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்கு வாடிக்கையாளர்கள் ஆனார்கள். பிறகு முதலாளிகளும் ஆனார்கள்.

கல்லறை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1788-இல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி 1824-இல் பறங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்தார். கடலூர் கிறிஸ்து நாதர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். பட்டணத்தில் பேருந்து நடத்துநர்கள் நாள் முழுக்கக் கூவும் 'பாரீஸ்' இவர் பேர்தான். இருநூறு வருஷம் கழித்தும் காசு வாங்காமல் கூவப்படும் விளம்பரம் வேறெந்தக் கம்பெனிக்கு வாய்த்திருக்கிறது? அவருடைய கம்பெனி 1840களில் கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக்கு வந்து சேர்ந்தது. 1914-இல் அதே ஊரில் மிட்டாய் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துக் கரும்பின் கதையும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பல்வலிக் கதையும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

சென்னை மவுண்ட் ரோட்டின் பெரிய கடைகள் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரிசையாக முளைத்தவை. சிம்ப்சன் 1840, ஹிக்கின்பாதம்ஸ் 1844, பி.ஆர் அண்ட் சன்ஸ் அதே பத்தாண்டு, ஸ்பென்சர் 1860கள். கப்பல் தலைவனின் பெட்டி வியாபாரம் முடிந்து, கண்ணாடி ஜன்னல் வைத்த நிரந்தரக் கடை வந்தது. இடையில் வினோதமான ஒரு சரக்கும் வந்துபோனது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் பனிக்காலத்தில் வெட்டிய ஐஸ், மரத்தூள் போர்த்திக் கப்பலேறி, பூமியைப் பாதி சுற்றி, சென்னைக் கடற்கரையில் இறங்கியது. அதை வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸில்தான் பின்னாளில் விவேகானந்தர் தங்கினார். மெஷினில் ஐஸ் செய்யத் தெரிந்ததும் அந்த வியாபாரம் அதன் சரக்கைப் போலவே இருந்த இடம் தெரியாமல் போனது.

மவுண்ட் ரோட்டுக் கடைகளின் பலம் கண்ணாடி ஜன்னலில் மட்டும் இருக்கவில்லை. 1877-இல் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருளைத் தபாலில் அனுப்பலாம், வாங்குபவர் தபால்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டுப் பார்சலைப் பெற்றுக்கொள்ளலாம். அதே பத்தாண்டின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் தடம் கடலூருக்கு வந்தது. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர், நீலகிரியில் தோட்டத்துரை, எங்கோ ஒரு முகாமில் தனியாக இருக்கும் என்ஜினீயர் ஆகியோருக்குக் கடையே தபாலில் போனது. காட்டலாக் என்ற தடித்த புத்தகம் போனது. படம், எண், விலை. இதுவரை பட்டியலாக இருந்த விளம்பரம் இப்போது பார்க்கும் பொருளாகிவிட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் படிப்பார். துரை வீட்டு பட்லர் படித்தார், தாசில்தார் கச்சேரி குமாஸ்தா படித்தார். குமாஸ்தாவின் மணிக்கட்டுக்கும் கடிகாரம் வந்தது, அவர் மனைவியின் அலமாரிக்கும் வாசனை சோப்பு வந்தது. வி.பி.பி.க்கு ஆள் பேர் தெரியாது. பணம் கட்டுபவன் கறுப்பா வெள்ளையா என்று தபால்காரர் ஃபாரத்தில் எழுதுவதில்லை.

எதிர்த்திசையிலும் சரக்கு ஓடியது. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையில் சுருட்டிய சுருட்டு லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் 'ஃப்ளோர் டி திண்டுக்கல்' என்ற ஸ்பானியத் தோரணையோடு விற்றது. ஆங்கிலப் பத்திரிகைகளில் பியூலி என்ற கடைக்காரர்கள் அதற்கு விளம்பரம் கொடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே, 1887-இல், சாம்பலைப் பார்த்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அதற்கும் முந்தைய நூற்றாண்டுகளில் கம்பெனி நம் கரையோரத்து நெசவுத் துணிகளை லண்டனில் அச்சிட்ட பட்டியலோடு, மெழுகுவர்த்தி எரிந்து முடிவதற்குள் கேட்கும் ஏலத்தில் விற்றிருக்கிறது. நெய்த முதலியாரும் தேவாங்கரும் அந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை. இரண்டு திசையிலும் நம் ஆள் விளம்பரத்துக்கு வெளியேதான் நின்றார்.

வெளியே நின்றவர் உள்ளே வந்த கதைக்கு பாரதியை விட நல்ல சாட்சி கிடையாது. புதுச்சேரியிலிருந்து வெளியேறிய அவரை 1918 நவம்பரில் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். விடுதலையாகிக் கடையத்தில் இருந்த நாட்களில் தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் பணம் திரட்ட முனைந்து, 1920-இல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார். படித்துப் பாருங்கள், அசல் விளம்பர நடை. முதலீடு எவ்வளவு, வட்டி எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். புத்தகங்கள் எப்படி விற்கும் என்பதற்கு அவர் எடுத்த அளவுகோல் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும். அவற்றைவிடச் சாதாரணமாக, அவற்றைவிட வேகமாக விற்கும் என்கிறார். கம்பனையும் வள்ளுவனையும் துணைக்கழைக்கவில்லை. குக்கிராமம் வரை போய்ச் சேர்ந்த சரக்கு எது என்று கண்ணால் பார்த்துவைத்திருந்தார். மண்ணெண்ணெய் அப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளின் தகர டின்னில் வந்தது, தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. சுதேசிக் கப்பலுக்காக எழுதிய மனிதர், இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாக நாற்பதாயிரம் பங்கு விற்க வ.உ.சி. அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், விற்பனைக்கு உதாரணம் தேடியபோது கைக்கு அகப்பட்டது இந்த இரண்டும்தான். புத்தகத் திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த வருஷம் இறந்துபோனார்.

தீப்பெட்டிக்குச் சிவகாசி பதில் சொன்னது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்தபின் அது சும்மா இருக்காது. காலண்டர் அடித்தது.

காலண்டரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே உள்ள எங்கள் மங்கலம்பேட்டை மாதிரிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரரோ உரக்கடைக்காரரோ விளம்பரத்துக்கென்று செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு மார்கழியில் வந்திறங்கும் இந்தக் கட்டுகளுக்குப் போகும். ஒரே கடை இரண்டு மூன்று தினுசு வாங்கும்: லட்சுமி, முருகன், மக்கா மதீனா. யாருக்கு எது என்று கடைப்பையனுக்குத் தெரியும், கேட்க மாட்டான். மேலே படம். நடுவே கிழிக்கும் தாள், அதில் ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம், ஹிஜ்ரி தேதி, பொன்மொழி. அடியில் நான்கு விரற்கடை அகலத்தில் கடையின் பேர், 'புரோ' என்று போட்டு முதலாளியின் பேர், செல் எண். தெய்வத்தின் காலடியில் கடை. இதைவிடச் சாமர்த்தியமான இடத்தை எந்த விளம்பர நிறுவனமும் பிடித்துக் கொடுக்க முடியாது. வருஷம் 365 நாளும் காலையில் ஒருவர் வந்து பக்தியோடோ அவசரத்தோடோ அதைத் தொட்டே ஆக வேண்டும். மெட்ராஸ் கூரியரின் கப்பல் விளம்பரம் ஒரு வாரம் வாழ்ந்தது.

வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரின் பயணம் இன்னும் விசித்திரமானது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த வில்லியம் வுட்வர்ட் 1851-இல் உருவாக்கியது. சதுப்பு நிலத்துக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து பிள்ளைகளின் வயிற்றை அமைதிப்படுத்துவதைப் பார்த்துச் செய்த சரக்கு. லேபிளில் ஒரு குண்டுக் குழந்தை இரண்டு கைகளிலும் பாம்பைப் பிடித்து நெரிக்கிறது. அது கிரேக்கக் கதையின் ஹெர்குலிஸ். நம் வீட்டுப் பாட்டிக்கு ஹெர்குலிஸைத் தெரியாது. பாம்போடு விளையாடும் குழந்தை யார் என்று அவளிடம் கேட்கவும் வேண்டாம். கம்பெனியும் அதைப் புரிந்துகொண்டு கிருஷ்ணன் படம் போட்டுக் காலண்டர் அடித்தது. உள்ளே இருந்த முக்கியச் சரக்கு சதகுப்பை எண்ணெய். எந்த நாட்டு மருந்துக் கடையிலும் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் சதகுப்பை. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கென்று பாட்டிலில் அடைபட்டு வந்த தண்ணீர், வசம்புக்கும் உரைமருந்துக்கும் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டு மாடத்தில் இடம்பிடித்துவிட்டது. பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாக அதைக் கொடுக்கச் சொல்லும் தொலைக்காட்சி விளம்பரத்தைத் தமிழ்நாட்டில் நாற்பது வயது தாண்டியவர் யாரும் மறந்திருக்க முடியாது. நாட்டிங்ஹாம் பாட்டியை அந்த விளம்பரம் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லாமல் போயிருந்தது.

தைலத்தில் ஆந்திரத்துக்காரர் நாகேஸ்வர ராவ் முந்திக்கொண்டார். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக விநியோகித்தார் என்பார்கள். சங்கீதம் கேட்பவர்களுக்குத் தலைவலி வரும் என்று கண்டுபிடித்த அவருடைய ரசிகத்தன்மையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வந்த லாபத்தில் பத்திரிகையே நடத்தினார். வாசன் கதை இதன் மறுபக்கம். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக்கொடுத்தும் தபால்வழி வியாபாரம் செய்தும் வந்த இளைஞர், தான் விளம்பரம் கொடுத்த பத்திரிகை நின்றுபோகும் நிலைக்கு வந்தபோது பத்திரிகையையே வாங்கிவிட்டார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் என்று எட்டெழுத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தாராம். 1928-இல் ஆனந்த விகடன் கைமாறியது அப்படி. தமிழ் வெகுஜனப் பத்திரிகையின் தொட்டிலை ஆட்டிய கை ஒரு விளம்பரக்காரரின் கை. எங்களைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்கள் இதை எப்போதும் கொஞ்சம் கசப்போடுதான் சொல்லிவந்திருக்கிறோம். பின் அட்டைக்கு ஒரு ஜவுளிக்கடை கிடைத்துவிட்டால் அந்த இதழில் கசப்பு சற்றுக் குறைந்திருக்கும்.

மவுண்ட் ரோட்டுக்குத் திரும்புகிறேன். அங்கே ஒயிட்அவே லெயிட்லா என்று ஒரு கடை இருந்தது. 1882-இல் கல்கத்தாவில் தொடங்கி, ஆங்கிலக் கொடி பறந்த கீழைநாட்டு நகரங்களிலெல்லாம் கிளை விட்ட கடை. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். ஐ.சி.எஸ். துரையிடமும் அப்படித்தான். அதனால் வெள்ளைக்காரர்களே கடையின் பேரைத் திரித்து 'உடனே காசு வை' என்று பொருள்படக் கேலி பேசினார்கள். சென்னைக் கிளையின் அந்தப் பெரிய கட்டடம் பின்னாளில் யார் கைக்கு வந்தது தெரியுமா? சுதேசமித்திரனுக்கு. அந்நியச் சாமானை வாங்காதே என்று தலைமுறைகளாக எழுதிய பத்திரிகை, அந்நியச் சாமான் விற்ற மாளிகையில் உட்கார்ந்து அச்சாயிற்று. விக்டரி ஹவுஸ் என்று பேர். சுதேசமித்திரன் தளர்ந்தபின் அதே கட்டடம் வி.ஜி.பி. கைக்குப் போனது. வி.ஜி. பன்னீர்தாஸ் ரேடியோவையும் மின்விசிறியையும் தவணை முறையில் விற்றுப் பேர் வாங்கியவர்.

ரொக்கம் மட்டும் என்ற கடை, பகிஷ்கரி என்ற பத்திரிகை, மாதாமாதம் கட்டு என்ற கடை. ஒரே வாசல்படி. இவற்றில் ஒட்டுக்கேட்டவரின் பக்கம் முழுமையாகத் திரும்பி நின்று பேசியது மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். சம்பளம் வாங்கும் குமாஸ்தாவையும் ஆசிரியரையும் மில் தொழிலாளியையும் நேருக்கு நேர் பார்த்து, உன்னால் முடியும் என்று சொன்ன விளம்பரம் அது. முதலாவது அவர்களைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது பார்த்தது, ஆனால் வேண்டாம் என்று கட்டுப்படுத்தத்தான். அரசியல் நியாயம் இரண்டாவதன் பக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் முதல் மின்விசிறி சுற்றிய வீட்டில் அன்று ராத்திரி தூங்கியவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

இப்போதும் தூரத்திலிருந்து வந்தது என்பதே தனியாக ஒரு விலை. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பிறகு வளைகுடாவுக்கும் போனவர்கள் நிறைய. பறங்கிப்பேட்டை, நாகூர் மரக்காயர்கள் பினாங்கில் தெருவே அமைத்தார்கள். சூலியா தெரு என்று இன்றும் இருக்கிறது. 1887-இல், ராணி விக்டோரியாவின் பொன்விழாவை ஒட்டி, சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வாரப்பத்திரிகை தொடங்கியபோது அதைக் கையில் வாங்கியவர்கள், ஊரிலிருந்து என்ன கப்பல் வந்தது என்று கேட்கும் நிலையில் இருந்தவர்கள். ஊரைப் பிரிந்த வெள்ளைக்காரனுக்குப் பன்றித்தொடை எப்படியோ அப்படி அவர்களுக்குக் கருவாடும் வெற்றிலையும். திரும்பி வரும்போது அவர்கள் பெட்டியில் கோடாலித் தைலம் இருக்கும். சிங்கப்பூரில் ஒரு சீனர் காய்ச்சியது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு சிறுபாட்டில் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் போய்வந்ததற்கு அத்தாட்சி இல்லை. இன்று இங்கேயே கடையில் கிடைக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், 'இது வெளிநாட்டுலேருந்து வந்தது பாய், லோக்கல் இல்ல' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். கப்பலின் பேரைச் சொல்லாத குறைதான்.

நெல்லிக்குப்பத்து மிட்டாய் 2004-இல் கொரியாவின் லோட்டே கம்பெனி கைக்குப் போனது. பெட்டிக்கடை ஜாடியில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக ஒரு மனக்குறை. மெட்ராஸ் கூரியரின் பழைய இதழ்கள் லண்டன் நூலகத்தில் விளம்பரத்தோடு பத்திரமாக இருக்கின்றன. 1790களில் எந்த மாதம் என்ன ஒயின் இறங்கியது என்று இன்று ஒருவர் உட்கார்ந்து எழுதிவிடலாம். நம் வாரப்பத்திரிகைகளுக்கு அந்த வாழ்வு இல்லை. நூலகங்களில் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் உருவி எறிந்துவிட்டுக் கட்டுவார்கள், தொகுதி தடிமனாகிவிடும் என்று. வீடுகளில் இன்னும் கண்டிப்பு. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாரம் வாரம் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அவற்றில் கதை ஓடும் பக்கங்கள் மட்டும் இருக்கும். கதைத் தாளின் முதுகில் அச்சான விளம்பரத்தை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கதையின் கடைசி வரி முடிந்த இடத்துக்குக் கீழே கால் பக்கத்தில் ஒரு கூந்தல் தைலம், மறுபுறம் பாதி வெட்டுப்பட்ட ஒரு சைக்கிள், முகவரியில் ஊர் மட்டும் மிஞ்சிய ஒரு நகைக்கடை. பழைய பேப்பர் கடைகளில் இந்தத் தொகுதிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது வந்தியத்தேவனுக்காக வாங்குவதில்லை. அந்தக் கால் பக்கங்களுக்காக வாங்குகிறார்கள், விலையும் ஏறிவிட்டது.